பத்து நாற்காலிகளிலும் உட்கார்ந்து பார்த்த நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். என் மாமியாரே சிரித்தார். மூத்தவள் இந்த ஜூனில் பள்ளிக்கூடம் போகிறாள். இளையது இன்னும் மூன்று மாதத்தில் வந்துவிடும். இதை வைத்துக்கொண்டு மானிட்டர்களை வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போக முடியாது என்று ஒரு நாள் முடிவு செய்தேன். மறுநாள் அந்த முடிவு சரியா என்று யோசித்தேன். அதற்கு மறுநாளும் யோசித்தேன். "நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள கொழந்தை பொறந்து நடக்கவே ஆரம்பிச்சுரும் அம்முணி" என்று முதலாளி சொன்ன பிறகுதான் கடிதம் கொடுத்தேன்.

உங்களிடம் மூன்று பொருட்களை ஒப்படைத்திருக்கிறேன். ஒரு சாவிக்கொத்து, ஒரு நோட்டு, ஒரு யானை ஸ்டிக்கர் தாள். சாவி எதற்கு என்று தெரியும். நோட்டைப் படித்தால் புரியும். யானை எதற்கு என்று நேற்று நீங்கள் கேட்டபோது, "எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் எனக்கே வேறு யோசனை வந்துவிடும்.

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் சின்ன அத்தை இன்றுவரை, "டிவி ரிப்பேர் கடைலதானுங்க அவளுக்கு வேலை" என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம், கம்ப்யூட்டரில் ஒருவரையொருவர் தேடிச் சுடும் போட்டி. இருட்டு மூலையில் ஒருவன் ஒளிந்திருப்பான். அவனை முதலில் பார்ப்பவர் ஜெயிப்பார். அந்த முதல் பார்வை பத்து பேருக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும். அதற்காக மானிட்டர்களைச் சரி செய்வதுதான் நம் வேலை என்று அத்தையிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். "அப்ப டிவிதானே?" என்றார்.

நான் சேர்ந்த புதிதில் நடந்ததை முதலில் சொல்கிறேன். நம் கேமிங் சென்டருக்கு அப்போது தினமும் விளையாட வந்தவன் நௌஃபல். பாலக்காடு டவுனில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை. கல்லாவில் உட்கார வேண்டியவன் நம் மூன்றாம் நம்பர் மானிட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு நாள், "அக்கா, படம் இழுக்குது. ஆள் ஓடறப்ப வால் மாதிரி வருது" என்றான். நான் பிரைட்னஸைக் குறைத்தேன், கூட்டினேன். நிறத்தை மாற்றினேன். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். நான்கு நாள் இப்படியே போயிற்று. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? ஐந்தாம் நாள் முதலாளி தேங்காய் மண்டியிலிருந்து வந்தார். அவருக்கு அதுதான் பெரிய தொழில், நம் சென்டர் ஆசைக்கு வைத்திருப்பது. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இடத்தைத் திறந்து பார்த்தார். ஒரு நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு முறை படம் மாற்றக்கூடிய மானிட்டரை, அறுபதிலேயே விட்டு வைத்திருந்தேன். ஒரு கிளிக்கில் சரியாயிற்று.

அவர் திட்டவில்லை. நௌஃபல்தான் ஒரு மாதம் முழுக்க என்னைக் கண்டால், "அறுபது வருதுடா" என்பான்.

அந்த அவமானத்தில்தான் அந்த நோட்டு பிறந்தது. ஒவ்வொரு மானிட்டருக்கும் என்ன எண், எந்த அளவு என்று எழுதினேன். பிரைட்னஸ் இத்தனை, இருட்டைத் தூக்கிக் காட்டும் செட்டிங் இத்தனை. பத்துக்கும் ஒரே எண்கள். எழுதியதை மூன்று தடவை சரிபார்ப்பேன். போட்டி நாட்களில் பையன்கள் விளையாட்டாக எதிரணியின் மானிட்டரை மஞ்சளாக்கி விடுவது உண்டு. அதனால் எண்களைப் போட்டதும் பட்டன்கள் மேல் காகித டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு விடுவேன். டேப் கிழிந்திருந்தால் அந்த மானிட்டர்க்காரர் பதில் சொல்ல வேண்டும். போட்டி முடியும்வரை டேப்பை நானும் பிரிக்க மாட்டேன். நானே போட்ட சட்டம் இது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகுதான் வண்டன்மேடு வந்தது.

இடுக்கி மலையில் ஒரு கமிட்டி போட்டி நடத்தியது. ஜெயிக்கும் அணிக்குக் கொச்சியில் நடக்கும் பெரிய போட்டியில் இடம். பத்து மானிட்டர்களும் நம்முடையவை, செட்டிங் பொறுப்பு என்னுடையது. பாலக்காட்டிலிருந்து நௌஃபலின் அணியும் விளையாட வந்தது, அதுவும் நம் வேனிலேயே. பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று போய் மலை ஏறினோம். மகளை விட்டுவிட்டு நான் ராத்தங்கிய முதல் பயணம் அது. கம்பம் போவதற்குள் வீட்டுக்கு ஏழு தடவை பேசிவிட்டேன்.

"ஏனுங்க, பால் குடிச்சாளா?"

"குடிச்சா. போன தடவ நீ கேட்டப்பவும் குடிச்சிருந்தா" என்றார் வீட்டுக்காரர். "புள்ள, நீ அங்க போறயா, இல்ல போன்லயே இருக்கறயா?"

போட்டி நடந்த இடம் ஒரு பழைய ஏலக்காய்க் கூடம். முன்பு அங்கே விற்பனை நடக்குமாம். காயின் பச்சையைப் பார்த்துத்தான் விலை என்பதால் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல்கள், பதினொன்று. திரைச்சீலை ஒன்றுகூடக் கிடையாது. காலையில் நாங்கள் போனபோது வெளியே மூடுபனி. ஜன்னல்கள் பாலைக் கொட்டியது போல வெளுத்திருந்தன. கூடத்துக்குள் எல்லா மூலையிலும் ஒரே மங்கல் வெளிச்சம்.

மேஜைகளை இரண்டு வரிசையாக, எதிரெதிரே போட்டோம். ஒரு வரிசைக்கு ஜன்னல் முதுகுப் பக்கம், மறு வரிசைக்கு முகத்துக்கு நேரே. நாள் முழுக்க யாருக்கு எந்தப் பக்கம் என்று காசு சுண்டியதில் முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளூர் அணிக்கு வந்தது. அந்த அணியின் தலைவி மாரீஸ்வரி, சாந்தன்பாறைப் பெண், இருபத்திரண்டு வயது. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலை. கூட இருந்த நான்கு பேரில் இரண்டு பேருக்கும் அதே வேலைதான்.

"எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "ஜன்னலு முதுகுக்குப் பின்னாடி இருக்கணும்க்கா. நாங்க எப்பவும் அப்படித்தான் ஒக்காருவோம். வெளிச்சம் காயில விழணும்ல?"

எனக்கு அது நல்ல காரணமாகத்தான் பட்டது. பத்து மானிட்டர்களிலும் எண்களைப் போட்டேன், மூன்று தடவை சரிபார்த்தேன். டேப் எடுக்கப் பையில் கையை விட்டால் டேப் இல்லை. அதற்குப் பதில் மகளின் யானை ஸ்டிக்கர் தாள் இருந்தது. நான் புறப்படும்போது அவளே பையில் போட்டிருக்கிறாள் போல. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு மானிட்டரின் பட்டன் மேலும் ஒரு ஊதா யானையை ஒட்டி, அதன் முதுகில் கையெழுத்துப் போட்டேன்.

நௌஃபல் குனிந்து பார்த்தான். "அக்கா, இது ஆனையா, பன்னியா?"

"தும்பிக்கை தெரியலயாடா?"

"அறுபதுல பாக்கறேன் போல, தெளிவா தெரியல."

மதியம் இறுதிப் போட்டி. மற்ற அணிகள் எல்லாம் தோற்றுப் போய் மாரியின் அணியும் நௌஃபலின் அணியும்தான் மிச்சம். முதலில் பதின்மூன்று சுற்று ஜெயிப்பவர்களுக்குக் கொச்சி. கமிட்டிச் செயலாளர் தங்கப்பாண்டி அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஏலக்காய் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவர், ஆனால் கையில் மைக் வந்துவிட்டால் வேறு ஆள். முதல் மூன்று சுற்றில் மாரியின் அணி இரண்டு, நம் பையன்கள் ஒன்று. கூடமே கத்தியது.

நான்காவது சுற்றில் பனி விலகியது. மலையில் அது விலகுவதைப் பார்த்திருக்கிறீர்களா? யாரோ போர்வையை உருவிய மாதிரி போய்விடும். ஜன்னல்களில் வெயில் வந்தது. எல்லோரும் "ஆகா" என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

அதன்பிறகு மாரியின் அணி ஒரு சுற்றுகூட ஜெயிக்கவில்லை. இரண்டுக்கு நான்கு, இரண்டுக்கு ஐந்து, இரண்டுக்கு ஆறு. மாரி கையைத் தூக்கினாள். போனேன்.

"அக்கா, இருட்டு மூலை எதுவும் தெரிய மாட்டேங்குது."

ஸ்டிக்கரைப் பார்த்தேன். யானை முழுசாக இருந்தது. நோட்டைக் காட்டினேன். "பாரும்மா, பத்துலயும் ஒரே நம்பர்தான்."

"நம்பரு ஒண்ணுதான்க்கா, நான் இல்லைங்கல. நீங்க இதுல ஒக்காந்து பாத்தீகளா?"

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டு, மேலிருந்து ஒரு பார்வை பார்த்தேன். நன்றாகத்தான் தெரிந்தது. தோற்கும்போது எல்லோருக்கும் மானிட்டர்மேல் சந்தேகம் வரும், நௌஃபலுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன். எதையும் மூன்று தடவை பார்க்கிறவள், அன்றைக்கு ஒரு தடவைகூட ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. அவள் கண் பச்சையில் பத்துத் தரம் பிரிக்கிற கண். அது சும்மா சொல்லுமா? இரண்டுக்கு எட்டு ஆனபோது ஓய்வு கேட்டார்கள். எல்லோரும் தண்ணீர் குடிக்க எழுந்ததும் நான் போய் மாரியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரையில் இருட்டறை இருக்க வேண்டிய இடத்தில் என் முகம் இருந்தது. என் தலைக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் மரங்கள், ஒரு கிளையில் குருவிகூடத் தெரிந்தது. எதிரி மட்டும் தெரியவில்லை. எழுந்து எதிர்ப்பக்கம் போய் நௌஃபலின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நிழலில் இருந்த அந்தத் திரையில் மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்றிருந்தது. எண் ஒன்று, பார்வை வேறு. பனியில் போட்ட எண்ணை வெயிலுக்கும் சேர்த்து யானையை ஒட்டிப் பூட்டியிருக்கிறேன்.

போனை எடுத்தேன். முதலாளியைக் கூப்பிட்டேன்.

"அங்க நிக்கறது நீ அம்முணி" என்றார். "நான் இங்க தேங்காய்க்கு நடுவுல நிக்கறேன். உனக்குத் தெரியறது எனக்குத் தெரியுமா?" அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. சட்டப்படி எல்லாம் சரி. பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களே. ஜெயிக்கப் போவது என் ஊர்ப் பையன்கள். நிறுத்தினால், எல்லோர் முன்னாலும் என் தப்பு என்று சொல்ல வேண்டும். இப்போது எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அப்போது இரண்டு நிமிடம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நோட்டில் வெயிலுக்கு ஒரு கட்டம் இல்லை.

தங்கப்பாண்டி அண்ணனிடம் மைக்கை வாங்கினேன். அதை அவர் கையிலிருந்து வாங்குவதே பெரிய வேலைதான். "செட்டிங் தப்பு. தப்பு என்னுது. இந்த ஆட்டத்த ரத்து பண்ணி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்றேன்.

நௌஃபல் எழுந்துவிட்டான். "அக்கா! எட்டுக்கு ரெண்டு! அவங்களாத்தானே அந்தப் பக்கம் கேட்டாங்க? நீங்க எங்க ஊரா, அவங்க ஊரா?"

"நான் மானிட்டர் ஊருடா. போ, மாரி நாற்காலில ஒரு தடவ ஒக்காரு."

"ஏன் ஒக்காரணும்?"

"ஒக்காந்துட்டு அப்புறம் சண்டை போடு."

முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். திரையைப் பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு முடியைக் கோதிக்கொண்டான்.

"இதுல என் மூஞ்சிதான்க்கா தெரியுது" என்றான். "நல்லாத்தான் இருக்கேன்."

மாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏழு சுத்தா ஒங்க மூஞ்சிக்குப் பதிலா என் மூஞ்சியத்தான் நான் சுட்டுக்கிட்டு இருக்கேன்!"

"சரி, முதல்ல இருந்தே ஆடலாம்" என்றான் நௌஃபல். "எட்டுச் சுத்து போனாப் போகுது. எங்கிட்ட இன்னும் இருக்கு."

இனி வெயிலை என்ன செய்வது? பதினொரு ஜன்னலை மூடும் அளவுக்குக் கறுப்புப் படுதா அந்த நேரத்தில் எங்கே கிடைக்கும்? "நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கப்பாண்டி அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தார். நாற்றுகளுக்கு நிழலுக்காகக் கட்டும் பச்சை வலையைச் சுருட்டாகக் கொண்டுவந்து ஜன்னல் முழுக்கக் கட்டினார். வெயில் அடங்கியது. ஆனால் கூடம், மேஜை, திரை, எங்கள் பல், எல்லாமே பச்சை.

மாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, இந்த வெளிச்சத்துல வெளுத்த காயக்கூட முதல் தரம்னு வித்துப்புடலாம்!"

"ஏத்தா, நல்லது செய்யப் போனா நக்கலு பண்ணுத" என்று சொல்லிக்கொண்டே அவரே வலையை அவிழ்த்தார்.

அப்போதுதான் எனக்கு, இவ்வளவு எளிய விஷயம் முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று இன்றும் வெட்கப்படும் அந்த யோசனை வந்தது. வெளிச்சத்தை மாற்ற முடியாது, மேஜையை மாற்றலாம். இரண்டு வரிசையையும் திருப்பிப் போட்டால் ஜன்னல் எல்லோருக்கும் பக்கவாட்டில் வரும். ஒரு அணிக்கு இடக்கைப் பக்கம், மற்ற அணிக்கு வலக்கைப் பக்கம். யாருக்கும் முதுகில் இல்லை, முகத்திலும் இல்லை.

பத்து மேஜை, பத்து மானிட்டர், பாம்புக் குட்டிகள் போலக் கேபிள்கள். இரண்டு அணியும் தூக்கியது. பார்க்க வந்தவர்களும் தூக்கினார்கள். தங்கப்பாண்டி அண்ணன் ஒரு கையில் மேஜைக்காலும் மறுகையில் மைக்குமாக, நாங்கள் தூக்குவதற்கே வர்ணனை சொன்னார். யாரோ எல்லோருக்கும் பால் விடாத கட்டன்காப்பி கொண்டுவந்தார்கள்.

பிறகு நானே ஒட்டிய யானைகளை நானே கிழித்தேன். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தேன். பத்திலும். ஒரே இருட்டு மூலையைத் திரையில் கொண்டுவந்து, அங்கே நிற்கும் ஆள் தெரியும்வரை திருகினேன். ஒரு பக்கம் மாரி, மறுபக்கம் நௌஃபல். இருவரும் "தெரியுது" என்று சொன்ன பிறகுதான் அடுத்த நாற்காலி. ஜன்னலுக்குப் பக்கத்து மானிட்டருக்கு ஒரு எண், சுவரோரத்து மானிட்டருக்கு வேறு எண். நோட்டில் முதன்முறையாகப் பத்து வேறு வேறு எண்கள் எழுதினேன். எழுதும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனால் சரி என்று தெரிந்தே பயந்தேன். தாளில் இரண்டு யானைகள்தான் மிச்சம் இருந்தன. அதனால் கிழிந்த பாதிகளைச் சேர்த்து ஒட்டினேன். சில யானைகளுக்கு இரண்டு வால், சிலவற்றுக்குத் தும்பிக்கையே இல்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஒன்றுக்கு ஒன்று, நான்குக்கு நான்கு என்று இரண்டு பேரும் விடவில்லை. பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று மாரியின் அணி முன்னால் வந்தபோது, தங்கப்பாண்டி அண்ணனுக்குக் குரலே போய்விட்டது. கடைசிச் சுற்றில் மாரி ஒருத்தி, நௌஃபல் ஒருத்தன்தான் மிச்சம். நௌஃபல் ஒரு படிக்கட்டின் கீழே, இருட்டில், அசையாமல் இருந்தான். மாரி கதவைத் தாண்டினாள், நின்றாள், திரும்பினாள், சுட்டாள். அவ்வளவுதான்.

கூடம் எழுந்து ஆடியது. நௌஃபல் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தான்.

"அந்த மூலைய நீங்கதானக்கா தெரியற மாதிரி திருகி வச்சீங்க?"

"ஆமாண்டா."

"என்னை வச்சே திருகினீங்க. நானே 'தெரியுது, தெரியுது'ன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு போய் மாரியின் கையைக் குலுக்கினான். மாரி தன் மானிட்டரிலிருந்து இரண்டு வால் யானையை மெதுவாக உரித்து, போனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

தோற்ற அணியோடு அதே வேனில் திரும்பி வந்தேன். கொச்சி போக வேண்டியவர்களை நான் பாலக்காட்டுக்கே கூட்டிப் போகிறேன் என்று மனசு ஒரு பக்கம் அரித்துக்கொண்டேதான் இருந்தது. பையன்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் மகள் ஓடிவந்து பையைத் திறந்து, "என் ஆனையெல்லாம் எங்கே?" என்றாள். "வேலைக்குப் போயிருச்சு கண்ணு" என்றேன். மறுநாள் புதுத் தாள் வாங்கினேன், அவளுக்கு ஒன்று, சென்டருக்கு ஒன்று. அன்றிலிருந்து டேப் வாங்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு நோட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நோட்டு வேண்டும். அது இல்லாமல் போனால் மறுபடி அறுபதில் போய் நிற்போம். ஆனால் யானையை ஒட்டுவதற்கு முன்னால், விளையாடப் போகிற நேரத்தில், விளையாடப் போகிறவரின் நாற்காலியில் உட்காருங்கள். ஒட்டிய பிறகு யாராவது கையைத் தூக்கினால் மறுபடி உட்காருங்கள். கிழிக்க வேண்டியிருந்தால் கிழியுங்கள். தாள் நிறைய இருக்கிறது.

வண்டன்மேட்டுப் போட்டி முடிந்து இரண்டு மாதம் கழித்து மாரி கொச்சியிலிருந்து போன் செய்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"அக்கா, இங்க எவ்வளவு பெரிய மேடை தெரியுமா! செட்டிங் பாக்க மூணு பேரு. மூணு பேரும் நின்னுக்கிட்டே பாத்துட்டுப் போறாக."

"நீ என்ன சொன்ன?"

"ஒக்காந்து பாருங்க சார்னேன். ஒக்கார மாட்டேன்னாக."

"அப்புறம்?"

"ஒக்கார வச்சிட்டம்லக்கா!"